நமுனுகுல மலையும் நான்கு சக்கரக் காற்றும்

பதுளை நகரின் கடைத்தெருவில் நின்று தென்கிழக்குத் திசையில் அண்ணாந்து நோக்கினால், மேகத்தைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு ஒரு மலைத்தொடர் நிற்பதைக் காணலாம். அதுவே நமுனுகுல. ஒன்பது சிகரங்களை உடையது என்பது அச்சிங்களப் பெயரின் பொருள் என்பர். அந்த ஒன்பதையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தவர் எவரையும் நாம் இதுவரை சந்தித்ததில்லை. இரண்டைக் காட்டினால் ஏழை மேகம் மறைத்துக்கொள்ளும். உச்சி கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்குச் சற்று மேற்பட்டது; பதுளையோ 680 மீட்டர் அளவில், கிண்ணத்தின் அடியிற் கிடப்பது போலக் கிடக்கிறது.

இம்மலைப் பிரதேசத்தைப் பற்றி எழுதப் புகுந்தோர் துன்ஹிந்த அருவியையும், தெமோதரையில் புகையிரதம் தன் பாதையின் மேலேயே வளைந்து ஏறும் வேடிக்கையையும், ஒன்பது வளைவுப் பாலத்தையும் பற்றி நிறைய எழுதிவிட்டனர். நாம் இன்று எழுதப் போவது காற்றைப் பற்றி. ஆடி ஆவணி மாதங்களில் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தரும் கச்சான் காற்றைப் பற்றியும் அன்று. மோட்டார் காரின் டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றைப் பற்றி! இப்படியும் ஒரு பிரயாணக் கட்டுரையா என்று வாசகர்கள் நகைக்கலாம். நாமும் அவ்வாறு நகைத்துத்தான் புறப்பட்டோம்.

நமது தமக்கையின் மகன் பதுளையில் ஒரு கராஜில் வேலை பார்க்கிறான். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய ஜப்பானியச் சிறு கார் ஒன்றை வாங்கினான். வார நாட்களில் வேலைக்குப் போவதும் அதில்தான். வெள்ளிக்கிழமைகளில் தாயைக் கோயிலுக்கு அழைத்துச் செல்வதும் அதில்தான். அந்தக் காருக்கு அண்மையில் ஒரு புதிய ஆசை பிறந்துவிட்டது. அதாவது, அதன் சொந்தக்காரனுக்குப் பிறந்துவிட்டது. நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, நேரான பாதையில் குறித்த தூரத்தை மிகக் குறைந்த நேரத்தில் கடக்கும் பந்தயம் ஒன்றுண்டு. டிராக் பந்தயம் என்பார்கள். கால் மைல், அதாவது 402 மீட்டர், அதன் பழைய வழக்கமான தூரம். அப்படியானதொரு பந்தயத்தில் ஒரு நாளாவது தன் காரை ஓட்டிவிட வேண்டும் என்பதே மருமகனின் ஆசை.

தமக்கை நம்மிடம் வந்தார். "தம்பி, பந்தயம் கிந்தயம் என்று இவன் ஏதோ சொல்கிறான். நான் சொன்னால் கேட்கமாட்டான். மாமன் சொன்னால் கேட்பான். நீ ஒரு தடவை அவனோடு போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார்.

தடுப்பதற்காகவே நாம் போனோம். போன இடத்தில் பாடம் படித்துக்கொண்டு திரும்பினோம்.

விடியற்காலைக் கணக்கு

அன்று போயா விடுமுறை தினம். ஐந்து மணிக்கே மருமகன் காரின் அருகில் குந்தியிருந்தான். கையில் ஓர் அழுத்தமானி; மடியில் ஒரு கொப்பி. நான்கு சக்கரங்களின் வால்வுகளிலும் மானியை வைத்து வைத்து எடுத்து, எண்களைக் குறித்துக்கொண்டான். நான்கும் 30.

இந்த 30 என்பது ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற கணக்கு. காரைச் செய்தவர்கள் அதன் எடையையும், ஏறுவோர் தொகையையும், ஓடும் வேகத்தையும் எண்ணிப் பார்த்தே ஓர் அளவை விதித்திருப்பார்கள். பெரும்பாலான கார்களில் சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியுள்ள சிறு தகட்டில் அதைக் காணலாம். டயரின் பக்கச் சுவரில் பொறித்திருப்பது வேறு. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதையே ஏற்றவேண்டிய அளவென்று எண்ணிக் காற்றடித்துக்கொண்டு போவோர் பலர்.

"இவ்வளவு காலையில் எதற்கு?" என்று கேட்டோம்.

"டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும், மாமா. ஓடினால் சூடேறும், சூடேறினால் காற்றின் அழுத்தமும் ஏறும். ஓடிவந்த டயரைப் பார்த்து, அதிகமாக இருக்கிறதே என்று காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் அது குறைந்துபோய் நிற்கும்."

அவன் சொன்னது உண்மையே. வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை செல்சியஸ் கூடினால் கார் டயரில் ஓர் இறாத்தல் கூடும்; குறைந்தால் ஓர் இறாத்தல் குறையும். ஓட்டத்தின் சூட்டினால் மட்டுமே மூன்று நான்கு இறாத்தல் ஏறிவிடுவதுண்டு. ஆகவே மூன்று மணி நேரமாவது நிழலில் ஓய்ந்து நின்ற டயரை அளப்பதே முறை.

அப்படியே டயரின் வயதையும் நமக்குக் காட்டினான். பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் ஒரு சிறு கட்டத்துள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டும் வாரம். பின் இரண்டும் ஆண்டு. 2321 என்றிருந்தால், 2021ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் பிறந்த டயர் என்பது பொருள். பல ஆண்டுகளாகக் கார் வைத்திருக்கும் நமக்கு இது தெரியாமற் போனதே என்று வெட்கமடைந்தோம்.

பசறை வழியாக

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பாதை, பேராதனையில் தொடங்கிச் செங்கலடி வரையில் ஓடும் ஏ5 நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு. பசறைக்கும் லுணுகலைக்கும் இடையில் பதின்மூன்றாம் கட்டைக்கருகே, 2021 மார்ச் 20ஆம் திகதி காலையில் ஒரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பதினான்கு பேருக்குக் குறையாமல் மாண்டதை இந்தப் பக்கத்து மக்கள் இன்னும் மறந்தாரில்லை. நாம் அந்தத் திசையிற் செல்லவில்லை. பசறையிலிருந்து பிரிந்து நமுனுகுல, எல்ல என்று ஏறும் பாதையைப் பிடித்தோம். ஆயினும் பசறைச் சந்தியில் கார் திரும்புகையில் மருமகன் தானாகவே வேகத்தைக் குறைத்தான்.

ஏற ஏறத் தேயிலையின் பச்சை இரு புறமும் விரிந்தது. கோப்பிக் காலத்திலும், 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிந்தபின் வந்த தேயிலைக் காலத்திலும், தமிழகத்திலிருந்து வந்த நம்மவரின் கைகளால் திருத்தப்பட்ட மலைகள் இவை. கனவரல்லை முதலிய தோட்டங்களின் லயங்களில் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. விடுமுறையாதலால் மலையில் கொழுந்துக் கூடைகள் இல்லை. தூரத்தில் ஒரு கோயில் மணி மட்டும் கேட்டது. நமுனுகுல உச்சியோ வழக்கம்போல் மேகத்துக்குள் ஒளிந்திருந்தது.

மருமகனின் முதலாளிக்கு வேண்டிய ஒருவரின் உதவியால், ஒரு தோட்டத்தின் சொந்தப் பாதையில், மைதானத்தின் ஓரமாகச் செல்லும் நேரான பகுதியில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்க்க அனுமதி கிடைத்திருந்தது. பொதுத் தெருவில் பந்தயம் ஓடுவது சட்டத்துக்கு மாறானது, அறிவுக்கும் மாறானது. பாதையின் இரு முனைகளிலும் ஆட்களை நிறுத்தி, நாய் மாடு குறுக்கே வாராமற் காத்து, நாடா பிடித்து இருநூறு மீட்டர் அளந்து, வெள்ளைக் கோடு இட்டார்கள்.

அஞ்சலட்டை அளவு நிலம்

இந்த இடத்தில் டயர்க் காற்றின் தத்துவத்தைச் சிறிது சொல்லியாக வேண்டும். மாணவர்கள் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம்.

பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த டன்லப் என்பவர், தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி கற்பாதையில் அதிர்வதைக் கண்டு, 1888இல் காற்றடைத்த இறப்பர்க் குழாயை அதன் சக்கரத்தில் பொருத்தினார் என்பது பலரும் அறிந்த கதை. அவருக்கு முன்னரே, 1840களில், தொம்சன் என்பவர் அத்தகைய எண்ணத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். எவருடைய புகழாயினும் ஆகுக. அன்று முதல் வண்டியின் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் இறப்பரன்று, உள்ளிருக்கும் காற்றேயாகும்.

ஆயிரம் கிலோ எடையுள்ள சிறு கார் என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 2,200 இறாத்தல். முன்னால் எஞ்சின் இருப்பதால் பாரத்தின் அறுபது வீதம் முன் சக்கரங்களில் விழும். ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் 660 இறாத்தல். டயரில் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் காற்று இருந்தால், 660ஐ 30ஆல் வகுக்க வருவது 22 சதுர அங்குலம். டயர்ச் சுவரின் விறைப்பும் சிறிது பாரம் தாங்குவதால் இது சரியான கணக்கன்று, உத்தேசக் கணக்கு. ஆயினும் டயர் நிலத்தைத் தொடும் பரப்பு எவ்வளவு சிறியது என்பதை இது நமக்கு உணர்த்தும். ஓர் அஞ்சலட்டையின் அளவு! தாய், தந்தை, பிள்ளைகள், அவர்களுடைய பெட்டி படுக்கைகள் யாவும் நான்கு அஞ்சலட்டைகளை நம்பித்தான் மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறுகின்றன.

காற்றை 24 இறாத்தலாக இறக்கினால் அதே கணக்கின்படி பரப்பு 27 சதுர அங்குலத்துக்குச் சற்று மேற்படும். பந்தயக்காரரின் கண் படுவது இங்கேதான். நின்ற இடத்திலிருந்து திடீரெனப் புறப்படும்போது எஞ்சினின் வலு முழுவதும் இழுக்கும் சக்கரங்களுக்கு வருகிறது. பிடி போதாவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று புகை கக்கும். ஆகவே, இழுக்கும் சக்கரங்களில் காற்றைச் சிறிது குறைத்துப் பிடியைக் கூட்டுவார்கள். இழுக்காத சக்கரங்களில் சிறிது கூட்டி அவை இலேசாக உருளும்படி செய்வார்கள்.

அமெரிக்காவில் 1951இல் இதற்கெனத் தேசியச் சங்கமே தோன்றியது. அங்கே மிகப் பெரிய வலுவுள்ள டிராக் வண்டிகளின் பின் டயர்களில் ஏழு இறாத்தல் அளவுக்கே காற்றிருக்கும். புறப்படும்போது அவை கசங்கிய துணியைப்போல் மடிந்து நிலத்தைப் பற்றும். தமிழ்நாட்டில் சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் பல ஆண்டுகள் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை வந்தது. நம் நாட்டில் களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தை விமான ஓடுபாதை அவ்வாறு பயன்பட்டது.

ஏழு இறாத்தல் என்றதும் நம் வீட்டுக் காருக்கும் அவ்வாறே செய்யலாம் என்று எவரும் மயங்கலாகாது. அந்த டயரின் சுவர் மடிவதற்கென்றே மெல்லியதாகச் செய்யப்பட்டது. தெருவில் ஓடும் டயரோ உருக்குக் கம்பிப் பட்டைகளும் விறைத்த சுவர்களும் கொண்டது. அதில் காற்றை அளவுக்கு மீறி இறக்கினால் நடுப்பகுதி உட்குழிந்து மேலே எழும். இரு விளிம்புகள் மட்டுமே நிலத்தைத் தொடும். பிடி கூடுவதற்குப் பதிலாகக் குறையும். சுவர் ஓயாமல் மடிந்து நிமிர்வதால் உள்ளே சூடேறி டயர் பிரிந்துபோகவும் கூடும். வளைவில் ரிம்மை விட்டுக் கழன்றுவிடவும் கூடும்.

வெண்கட்டிக் கோடு

நமது மருமகனின் காரை இழுப்பவை முன் சக்கரங்கள். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வண்டி பாய்ந்து புறப்படும்போது பாரம் பின்னோக்கிச் சாயும். முன் சக்கரங்கள் இலேசாகிப் பிடியை இழக்கும். பின் சக்கரம் இழுக்கும் வண்டிக்கு இதுவே நன்மையாக முடியும். ஏற்றத்தில் புறப்பட்டால் இந்த வேற்றுமை இன்னும் கூடும்.

முதல் ஓட்டம் 30இல். சக்கரங்கள் கிறீச்சிட்டுச் சுழன்றன. இறப்பர் நாற்றம் மைதானமெங்கும் பரந்தது. வேடிக்கை பார்க்க வந்திருந்த சிறுவர்கள் கைதட்டினர். கூட்டத்தில் ஒரு பெரியவர் மட்டும் கைதட்டவில்லை. அவர் தோட்டத்து லொறிச் சாரதியாக வாழ்நாளைக் கழித்து ஓய்ந்தவர் என்று பின்னர் அறிந்தோம்.

"சத்தம் போடுகிறது, ஓடக் காணோமே, தம்பி" என்றார் அவர்.

"காற்றைக் குறைத்துப் பார்க்கப் போகிறேன், தாத்தா."

"குறை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குறைக்காதே. வெண்கட்டி இருக்கிறதா?"

பாடசாலைச் சிறுவன் ஒருவன் ஓடிப்போய் வெண்கட்டி கொண்டுவந்தான். பெரியவர் முன் டயரின் குறுக்கே, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரையில், தடித்த கோடு ஒன்றை இழுத்தார். "கொஞ்சம் ஓட்டிவிட்டு இறங்கிப் பார். கோடு முழுதும் ஒரே மாதிரி அழிந்திருந்தால் டயர் முழுதும் நிலத்தில் படுகிறது. நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்கள் மட்டும் அழிந்தால் காற்றுக் குறைவு. தேயிலைப் பெட்டி ஏற்றி மலை இறங்கிய காலத்தில் எனக்கு மானி ஏது? வெண்கட்டியும், டயரைத் தட்டிச் சத்தம் கேட்க ஓர் இரும்பும்தான்."

இதன்பின் நடந்தது ஒரு விஞ்ஞானச் சாலைக்கு ஒப்பான வேலை. மருமகன் ஒரு தடவைக்கு இரண்டு இறாத்தலுக்கு மேல் குறைக்கவில்லை. இடமும் வலமும் சரியாக ஒரே அளவு. ஒவ்வோர் அளவிலும் மூன்று ஓட்டம். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நடுவில் டயர் ஆறும் வரை காத்திருப்பு. ஒரே வேளையில் இரண்டை மாற்றினால் எதனால் பலன் விளைந்தது என்று தெரியாமற் போகுமாம். பின் சக்கரங்களில் மட்டும் முதலிலேயே 34 ஏற்றி அப்படியே விட்டுவிட்டான்.

28இல் சுழற்சி குறைந்தது. 26இல் கார் சத்தமின்றிக் கவ்விக்கொண்டு பாய்ந்தது. வெண்கட்டிக் கோடும் முழு அகலத்துக்கும் சீராக அழிந்திருந்தது. 24இல் பலன் மேலும் கூடவில்லை. கோட்டின் நடுவில் வெள்ளை மிஞ்சி நின்றது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் சிறிது யோசித்துத்தான் திரும்பியது. 22 பார்க்கலாமா என்று அவன் கேட்டபோது பெரியவர் தலையை அசைத்து மறுத்துவிட்டார்.

இத்தனை பாடுக்கும் கிடைத்த இலாபம் ஒரு வினாடியில் சிறு பின்னமே. இதற்கா இவ்வளவு என்று நாம் கேட்டோம். "அந்தப் பின்னத்தில்தானே மாமா வெற்றியும் தோல்வியும்" என்றான். கொப்பியில் 26 என்ற எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான்.

மழையில் ஒரு வளைவு

அந்த வேளையில் மேகம் இறங்கிற்று. நமுனுகுல மழைக்கு முன்னறிவிப்பு இல்லை. சாமான்களை அள்ளி டிக்கியில் எறிந்துவிட்டுப் பெரியவரிடம் விடைபெற்று எல்ல நோக்கிப் புறப்பட்டோம். இருவர் மனமும் ஓட்டத்தின் மகிழ்ச்சியில் இருந்தது. கடைசியாகச் சோதித்த 24 இறாத்தல் முன் சக்கரங்களிலும், 34 பின் சக்கரங்களிலும் அப்படியே இருந்ததை இருவரும் மறந்தோம். கால் பம்ப் டிக்கியில், நமது குடைக்கு அடியில், சும்மா கிடந்தது.

மூன்று மைல் சென்றிருப்போம். இடப்பக்கம் திரும்பும் இறக்க வளைவு. வேகம் அதிகமில்லை. மருமகன் ஸ்டியரிங்கைத் திருப்பினான். காரின் மூக்கு திரும்பவில்லை. ஒரு கணம், ஒரே கணம், கார் நேராகவே சென்று பாதையின் நடுக்கோட்டைத் தாண்டிற்று. எதிரே பண்டாரவளைப் பக்கமிருந்து ஒரு பஸ் நிறைந்த சனத்தோடு வந்துகொண்டிருந்தது. பஸ் சாரதி பிரேக்கை அழுத்தி, மலைச்சுவரோடு ஒட்டி நிறுத்தினார். கார் மெல்லப் பிடியைக் கண்டு இடப்பக்கம் திரும்பி, ஒரு முழ இடைவெளியில் பஸ்ஸைக் கடந்து நின்றது.

பஸ் சாரதி தலையை வெளியே நீட்டி, "என்ன தம்பி, நித்திரையா?" என்று மட்டும் கேட்டார். யன்னலோரத்தில் ஒரு தாயும் அவள் மடியில் ஒரு குழந்தையும் நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தனர். பஸ் போய்விட்டது.

மருமகனின் கைகள் நடுங்கின. ஏதும் பேசாமல் இறங்கிப் பம்பை எடுத்தான். மழையில் நனைந்தவாறே இருவரும் மாறி மாறி மிதித்தோம். முன் சக்கரங்கள் இரண்டும் 30க்கு ஏறின. பின் சக்கரங்கள் இரண்டும் 30க்கு இறங்கின.

நேர்ப்பாதையில் இருநூறு மீட்டருக்குப் பிடியைத் தந்த அதே மென்மை, வளைவில் சுவரைச் சாயவிட்டுக் காரை வெளிப்புறம் தள்ளியது. முன்னும் பின்னும் காற்று ஒவ்வாதிருந்தமை அதற்குத் துணை செய்தது. விரைவுப் பாதையில் செல்வோருக்கு இன்னுமோர் அபாயம் உண்டு. நீர் தேங்கிய பாதையில் ஒரு வேகத்துக்கு மேல் டயர் நிலத்தைத் தொடாமல் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். விமானச் சக்கரங்களைக் கொண்டு அமெரிக்க விண்வெளி நிறுவனம் 1960களில் ஆராய்ந்து கண்டபடி, காற்றழுத்தம் குறையக் குறைய அந்த மிதக்கும் வேகமும் குறையும். தேய்ந்த டயருக்கு அச்சூத்திரத்தைப் பொருத்திப் பார்த்தால், 32 இறாத்தலில் மணிக்கு சுமார் 94 கிலோமீட்டர். 24 இறாத்தலில் சுமார் 82 கிலோமீட்டர். தெற்கு அதிவேகப் பாதையில் மணிக்கு 100 கிலோமீட்டர் ஓட எண்ணுவோர் இதை மனத்திற் கொள்வது நலம்.

தியத்தலாவையில் சில நிமிடங்கள்

எல்லயில் நிற்காமல் பண்டாரவளை வந்து தேநீர் அருந்தினோம். அங்கிருந்து நேரே பதுளைக்குத் திரும்பியிருக்கலாம். "தியத்தலாவைக்குப் போய்விட்டு வருவோமா, மாமா?" என்று மருமகன் கேட்டான். காரணத்தை நாம் கேட்கவில்லை.

தியத்தலாவை, புல்வெளிக் குன்றுகள் சூழ்ந்த இராணுவ நகரம். போவர் யுத்தத்தில் பிடிபட்ட கைதிகளை வைப்பதற்காக 1900இல் இங்கே பெரியதொரு முகாம் எழுந்தது. இன்று இராணுவப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. இங்குள்ள பொக்ஸ் ஹில் என்னும் குன்றை அண்டிய மண் பாதையில்தான் பெயர்பெற்ற மோட்டார்ப் பந்தயம் நடந்துவந்தது. சில ஆண்டு இடைவெளிக்குப்பின் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அது மீண்டும் நடைபெற்றபோது, ஓடிக்கொண்டிருந்த கார் ஒன்று பாதையை விட்டு விலகிப் பார்வையாளரின் நடுவே பாய்ந்தது. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் குடும்பம் குடும்பமாக வேடிக்கை பார்க்க வந்த சனங்கள் அவர்கள்.

அவ்விபத்துக்கு டயரின் காற்று காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. பந்தயம் என்றால் ஓட்டுபவனுடைய உயிர் மட்டுமே பணயம் என்று எண்ணுவோர் அந்தக் குன்றைப் பார்த்தவாறு சிறிது நேரம் நிற்க வேண்டும் என்பதே நம் கருத்து. நாம் நின்றோம். மழை விட்டிருந்தது. புல் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது.

"மாமா, டயரின் பிடியை எப்படிக் கூட்டுவது என்றுதான் இத்தனை நாளும் யோசித்தேன். பிடி விட்டுப்போனால் கார் எங்கே போகும், அங்கே யார் நிற்பார்கள் என்று யோசிக்கவில்லை" என்றான் மருமகன்.

பந்தயத்தை விட்டுவிடு என்று சொல்வதற்கு அதைவிட நல்ல வேளை வாய்த்திராது. ஏனோ நம் வாயில் அந்தச் சொல் வரவில்லை. காலையில் ஒவ்வோர் இறாத்தலாகக் குறைத்துப் பார்த்த அந்தப் பொறுமை நம் கண்முன் நின்றது. அந்தப் பொறுமையை வீடு திரும்பும் பாதைக்கும் அவன் கொண்டுவருவானாயின் அஞ்சுவதற்கு அதிகமில்லை என்று தோன்றிற்று.

நுவரெலியாவை நோக்கி

நுவரெலியாவை அடுத்த மஹகஸ்தோட்டையில், தேயிலைத் தோட்டத்தின் நடுவே ஏறும் பாதையில், மலையேற்றப் பந்தயம் ஒன்று உண்டு. 1934இல் தொடங்கியது. நின்ற நிலையிலிருந்து ஒவ்வொரு வண்டியாகப் புறப்பட்டு நேரத்தோடு போட்டியிடுவது அதன் முறை. மருமகனின் எண்ணம் இப்போது அதன்மேற் சென்றிருக்கிறது. முறையான சங்கத்தில் சேர்ந்து, வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி, தலைக்கவசமும் இருக்கைப் பட்டியும் அணிந்து, பார்வையாளர் பாதுகாப்பாக நிற்கும் இடத்தில் மட்டுமே ஓட்டுவதென்று முடிவு செய்திருக்கிறான். மலையேற்றத்தில் வளைவுகளும் உண்டாதலால், நேர்ப்பாதையில் வட்டம் போட்ட 26ஐ அங்கே பயன்படுத்தலாகாது. புதிதாகத்தான் பார்க்க வேண்டும் என்பதும் அவனுக்கு விளங்கியிருக்கிறது.

மாணவருக்கு இங்கே ஒரு வேடிக்கைக் கணக்குண்டு. கொழும்பிலிருந்து, கடல் மட்டத்துக்கு 1,868 மீட்டர் மேலுள்ள நுவரெலியாவுக்குச் சென்றால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானியில் மூன்று இறாத்தல் அளவு கூடிக் காட்டவேண்டும். ஆனால் முப்பது பாகை வெப்பத்திலிருந்து பதினைந்து பாகைக் குளிருக்கு வருவதால் இரண்டு இறாத்தலுக்குச் சற்று மேல் குறையும். ஒன்றை ஒன்று ஏறக்குறைய ஈடுசெய்துவிடும்! ஆயினும் வெயில் ஏறும் நாளில் அந்த ஈடு நிலைக்காது. ஆகவே போன ஊரில், போன காலையில், அளப்பதே முறை.

ஹாலிஎல வழியாகப் பதுளை வந்து சேர்ந்தபோது விளக்கேற்றும் நேரம். தமக்கை வாசலில் நின்றார். "போன காரியம் என்ன ஆயிற்று?" என்று நம்மைத்தான் கேட்டார். பஸ் வந்த வளைவைப் பற்றி மருமகனே ஒன்றும் மறைக்காமல் சொன்னான். தமக்கை சிறிது நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே சென்று, தம் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு சொற்கள் எழுதிக்கொண்டு வந்து மகனிடம் கொடுத்தார். இன்று அந்தக் காரில் ஏறுபவர்கள் ஸ்டியரிங்குக்கு எதிரே அது ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம்:

"வீட்டுக்கு வரும் காற்று: 30."